வீட்டு வேலைப் பட்டியல்: எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை?

மொரீசியசில் பல தமிழ் வீடுகளில் சனிக்கிழமை என்றால் கழுவல் நாள். தைப்பூசக் காவடிக்குக் கொடியேறப் போகிறது என்றால் அந்தச் சனிக்கிழமை இரண்டு மூன்று நாளாக நீளும். விரதத்துக்கு முன் கறி சமைத்த பாத்திரங்களை ஒதுக்கி, திரைச்சீலைகளை இறக்கி, சாமி அறைச் சுவரில் படிந்த கரியைத் தேய்த்து, வராண்டாவை அலசி முடிக்கும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். இத்தனைக்குப் பிறகும் ஃபிரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். அது யார் பட்டியலிலும் இல்லை.

ஹோட்டல் அறைப் பராமரிப்புப் பயிற்சியில் நாங்கள் முதலில் உடைக்கப் பார்ப்பது இந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தைத்தான். ஓர் இடத்தில் என்ன சேர்கிறது, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதற்கு நாள் குறிக்க வேண்டும். நமக்குக் கிடைக்கும் விடுமுறையைப் பார்த்து எழுதிய பட்டியல் இரண்டு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். மூன்றாம் வாரம் அதன்மேல் மின்கட்டண பில் ஏறிவிடும்.

கொசுவிலிருந்து தொடங்கலாம், அதன் கணக்கு கறாரானது. இங்கே சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ், வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளும். 2005-06இல் பக்கத்துத் தீவான ரியூனியனில் மூன்றில் ஒருவருக்குமேல் அந்தக் காய்ச்சல் கண்டது. ஆகவே தேங்கிய தண்ணீரைக் கொட்டும் வேலைக்கு 7 நாளுக்கு மேல் இடைவெளி விட முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்வது செய்யாததற்குச் சமம். நடுவில் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும். கொட்டுவதோடும் முடியாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். உட்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். பூந்தொட்டித் தட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடி, கூரை வடிகால், மொட்டைமாடித் தளத்தில் பள்ளம் விழுந்த மூலை, தண்ணீர்த் தொட்டி மூடியின் குழிவு எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ‘வெளியே பார்க்கவும்’ என்று எழுதினால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

ஃபிரிட்ஜ் தட்டுக்கு வருவோம். பல மாடல்களில் பின்னால், கம்ப்ரசருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் பனி நீராகச் சிறு குழாய் வழியே அதில் விழும். கம்ப்ரசரின் சூட்டில் ஆவியாகும். இங்கே கோடைமழைக் காலமான ஜனவரி, பிப்ரவரியில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாவது மந்தமாகும்; கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போவதால் வடியும் நீரும் கூடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபிரிட்ஜை முன்னே இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்ற முடியாத தட்டாக இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். இழுத்ததுதான் இழுத்தோம் என்று பின்பக்கக் கம்பிச் சுருளின் தூசியையும் தட்டிவிடலாம். அது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்றாலும்.

பூஞ்சையின் கணக்கு இன்னும் சிறியது. நனைந்த துணி, பாய், மரப்பலகை எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. கூர்ப்பிப், வாக்குவா போன்ற மேட்டுப் பகுதிகளில் மழையும் மூட்டமும் அதிகம். அங்கே குளியலறைக்கு வாரம் ஒருமுறை தேய்ப்பதைவிட, குளித்த கையோடு சுவரையும் தரையையும் ரப்பர் வைப்பரால் ஒருமுறை இழுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் பலன் தரும். ஒரு நிமிட வேலை. போர்ட் லூயியில் இருப்பவர்களுக்கு வெப்பமும் தூசியும் பெரும்பாடு. மேட்டுப் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுப் பட்டியலை அப்படியே எழுதிக்கொள்வதில் பயனில்லை.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விடுங்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான். பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்தால் சரிகையும் முறியாது.

படுக்கை விரிப்பு, தலையணை உறைக்கு வாரம் ஒன்று. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். தூசிப்பூச்சிகள் அந்தச் சூட்டில்தான் சாகும், குளிர்ந்த நீரில் பெரும்பகுதி தப்பிவிடும். பாத்திரம் துடைக்கும் துணி தினமும் மாற வேண்டும். சாமி விளக்கின் புளிக் குளியல் வாரத்துக்கு ஒன்று என்பது ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் பிசகாமல் நடக்கிறது. வெள்ளிக்கிழமை பூஜையோடு கட்டிப்போட்டதால்தான் அது நிற்கிறது.

பட்டியல் எழுதும் வித்தையே அதில்தான் இருக்கிறது. ‘காலை 10 மணிக்கு’ என்று எழுதிய வேலை தள்ளிப்போகும். ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்ட வேலை நடக்கும். சாதம் வேகும் நேரத்தில் அடுப்பு மேடை. குப்பை வண்டி வருவதற்கு முந்தைய மாலை ஃபிரிட்ஜுக்குள் கெட்டதை எடுத்துப்போடுவது, அதே கையோடு தட்டுகளைத் துடைப்பது. தண்ணீர் நேரம் வைத்து விடும் பகுதியில் இருப்பவர்கள் தூசி தட்டல், மடித்தல் போன்ற உலர் வேலைகளைத் தண்ணீர் இல்லாத நேரத்துக்கும், அலசல் வேலைகளைத் தண்ணீர் வரும் நேரத்துக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொல். ‘குளியலறை’ என்பது ஒரு வேலையே இல்லை, அது ஓர் இடம். ‘கமோடின் உள்விளிம்பைப் பிரஷ் போட்டுத் தேய்’ என்பது வேலை. முடிந்ததா இல்லையா என்று பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘எல்லாரும்’ என்று எழுதினால் அது அம்மாவின் தலையில்தான் விழும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தினப்பட்டியலில் ஆறு வரிக்கு மேல் போகாதீர்கள்.

செய்யும் வரிசையில் ஹோட்டல் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குப்பையையும் அழுக்குத் துணியையும் முதலில் வெளியேற்று. கமோடுக்குள் மருந்தை ஊற்றிவிட்டு வா. அது ஊறும் நேரத்தில் படுக்கையைப் போடு. மேலிருந்து கீழே தூசி தட்டு. தரை கடைசியில், உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி. துடைக்கும் துணியை நாலாக மடித்தால் எட்டுச் சுத்தமான முகம் கிடைக்கும். கழிவறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை என்று துணிகளுக்கு நிறம் பிரித்துவிட்டால் குழந்தைகூட மாற்றி எடுக்காது.

தரை துடைத்த பிறகும் காலில் ஒட்டுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் சோப்பு அதிகமாகிப்போனதுதான். காய்ந்த சோப்புப் படலம் அடுத்த நாள் தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். பாட்டிலில் போட்ட அளவை மூடியால் அளந்து ஊற்றுங்கள், வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் காலால் தேய்த்துப் பளபளக்க வைத்த பழைய மரத்தரை இன்னும் இருக்கும் வீடுகளில் ஈரத் துடைப்பமே வேண்டாம்.

ஜவேல், அதாவது குளோரின் பிளீச் திரவத்தின் விஷயத்தில் மட்டும் கை அளவு கூடாது. லேபிளில் 2.6 சதவீதம் என்றிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லி. 5 சதவீதம் என்றால் 20 மில்லி. பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுக்காவிட்டால் அதன் வேகம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும். பூசிய பிறகு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். உடனே துடைத்தால் வாசனை மட்டும்தான் மிச்சம். கலந்த நீரை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வினிகரோடும், கமோடு கழுவும் அமிலத்தோடும், அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்தோடும் சேரவே கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். சுவரில் ஒரு சதுர மீட்டருக்குமேல் கறுத்திருந்தால் ஜவேலைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று தேடுங்கள்.

நாள் தவறும். காய்ச்சல், கல்யாணம், இரவு ஷிஃப்ட் ஏதாவது வரும். அந்த வாரத்துக்கென்று நாலே வரியில் ஒரு குறும்பட்டியல் தனியாக இருக்கட்டும்: பாத்திரம், குப்பை, கமோடு, தேங்கிய தண்ணீர். விட்டுப்போன மற்றவற்றைச் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு கட்ட முயல வேண்டாம்; அடுத்த முறை வரும்போது செய்தால் போதும். பட்டியலைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாக்கியைப் பார்த்து மலைத்துத்தான் கைவிடுகிறார்கள்.

நவம்பரிலேயே இன்னொரு தாளும் எழுதிவைக்கலாம், புயலுக்கு. இதற்கு நாள் கிடையாது. வானிலை நிலையம் 1 முதல் 4 வரை படிப்படியாக அறிவிக்கும் புயல் எச்சரிக்கை வகுப்புதான் கணக்கு. வகுப்பு 1 அறிவித்ததும் மொட்டைமாடி வடிகால் வாயில் அடைத்த இலைகளை அள்ளுவது, வெளியே கிடக்கும் தொட்டிகளையும் விளக்குமாறுகளையும் உள்ளே எடுப்பது, அழுக்குத் துணியைத் துவைத்து முடிப்பது. வகுப்பு 2இல் வாளிகளில் தண்ணீர் பிடித்து மூடுவது. வகுப்பு 3 வந்தபின் வெளியே எந்த வேலையும் இல்லை. எச்சரிக்கை நீங்கிய பின், பிடித்துவைத்த தண்ணீரை ஒரு வாரத்துக்குள் தீர்ப்பதும், நனைந்த பாய், மெத்தைகளை இரண்டு நாளுக்குள் காயவைப்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அடியில் ஒரு கோடு விட்டு, மின்சாரம் போன நேரத்தைக் குறிக்க இடம் வையுங்கள்: திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. அந்தக் கணக்கைத் தாண்டிய கறியையும் மீனையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் தூக்கிப் போட்டுவிடலாம்.