உள்ளே யார், வெளியே யார்? ஐந்தாம் நாள் கருவின் கணக்கு

“மூணாம் நாளே கருவை வெச்சுட்டா ஆகாதுங்களா, எதுக்குங்க அஞ்சு நாள் வரைக்கும் வெளிய வெச்சிருக்கறாங்க?” என்று பவானியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஈரோடு, சேலம், கோவை என்று கருத்தரிப்பு மையங்களுக்குக் குறைவில்லாத பகுதி இது. ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைக்கும் அந்த மையங்களுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு ‘டே த்ரீ’, ‘டே ஃபைவ்’, ‘பிளாஸ்டோசிஸ்ட்’ (ஐந்தாம் நாள் கரு) எல்லாம் பழகிய சொற்கள். இடையிலுள்ள இரண்டு நாளில் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

முதல் மூன்று நாளை வேகமாகக் கடந்துவிடலாம். கருமுட்டையின் விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர். விந்தணு சேர்ந்து ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆனதும் அது இரண்டாகப் பிரியும். இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு. கரு இதனால் பெரிதாவதில்லை, இருப்பதையே கூறுபோட்டுக்கொள்கிறது. கோழிமுட்டைக்குள் 21 நாளுக்கான தீனி இருக்கிறது. மனிதக் கருமுட்டையில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு வாரத்துக்கான கட்டுச்சோறு. அதோடு எந்தப் புரதத்தைச் செய்வது என்று தாய் எழுதிவைத்த ஆர்.என்.ஏ. குறிப்புகளும் இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் அந்தக் குறிப்புகள் தீர்ந்துபோக, கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கியாக வேண்டும். தகப்பன் வழி மரபணுக்களும் அப்போதுதான் முழுதாக வேலைக்கு வருகின்றன. குரோமோசோம் பங்கீட்டில் பிழை இருந்த கருக்களில் பல இந்த இடத்தில் நின்றுவிடும். ஆய்வகத்தில் ஐந்தாம் நாளை எட்டுபவை ஏறக்குறைய பாதிதான். வாசகரின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுவே: எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்து வைப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். கருக்கள் ஒன்றிரண்டே இருந்தால் ஐந்தாம் நாளில் எதுவும் மிஞ்சாமல் போகலாம் என்பதால், மூன்றாம் நாளே வைப்பதும் உண்டு.

நான்காம் நாள் நடப்பதுதான் அற்புதம். அதுவரை தனித்தனி உருண்டைகளாக இருந்த செல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பிடிமானப் பசை ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களுக்கு நடுவே இருந்த எல்லைக்கோடுகள் மறைந்து ஒரே பந்துபோலத் தெரியும். இப்போது சில செல்கள் பந்தின் மேற்பரப்பில், சில நடுவில். மேலே இருப்பவை நஞ்சுக்கொடியாகும். நடுவில் சிக்கியவையிலிருந்துதான் குழந்தை.

செல்லுக்குக் கண் கிடையாது. தான் உள்ளேயா வெளியேயா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? வெளிச்செல்லுக்கு ஒரு முகம் எவரையும் தொடாமல் திறந்திருக்கிறது. அந்த முகத்தில் ஏ.பி.கே.சி. உள்ளிட்ட சில புரதங்கள் கூடி, ‘ஹிப்போ’ என்னும் தடுப்புப் பாதையை அடக்கிவிடுகின்றன. தடுப்பு இல்லாததால் ‘யாப்’ என்ற தூதுப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, நஞ்சுக்கொடிக்கான மரபணுக்களை எழுப்புகிறது. நடுவிலுள்ள செல்லுக்கு எல்லாப் பக்கமும் அண்டை வீடு, திறந்த முகமே இல்லை. ஹிப்போ விழித்திருக்கிறது, யாப் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது, எந்த உறுப்பாகவும் மாறும் தன்மை அந்தச் செல்லிடம் தங்கிவிடுகிறது. இதே ஏற்பாடு எலி, மாடு, மனிதர் மூன்றிலும் இருப்பதை லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தினர் 2020இல் காட்டினார்கள். காங்கேயம் கன்றுக்கும் நமக்கும் முதல் முடிவு ஒரே வழியில்தான்.

அடுத்து வெளிச்செல்கள் தங்களுக்கு இடையிலான சந்துகளை அடைத்துவிட்டு மோட்டார் போடுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியம் அயனிகளை உட்குழிக்குள் தள்ளி, 2 பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளும் பம்பு அது. உப்பு சேரும் இடத்துக்குத் தண்ணீர் தானே வரும். குழி நிரம்பி, உட்செல்கள் ஒரு மூலையில் கொத்தாக ஒதுங்கினால் அதுவே பிளாஸ்டோசிஸ்ட், ஏறக்குறைய நூறு செல். கருவை −196 டிகிரியில் உறைய வைக்கும் முன் பல ஆய்வகங்கள் லேசரால் சிறு துளையிட்டு இந்த நீரை வடித்துவிடும். வடிக்காமல் விட்டால் பனிப்படிகம் செல்லைக் கிழிக்கலாம். உருக்கி எடுத்த சில மணி நேரத்தில் கரு மறுபடி இறைத்து நிரப்பிக்கொண்டால் அது பிழைத்ததற்கு நல்ல அடையாளம்.

அந்த மூலைக் கொத்திலிருந்துதான் 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கரு ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்களை, வளர்த்தெடுத்தது. கோபிப் பக்கம் நடும் ஜி-9 திசு வளர்ப்பு வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். வாழையின் குருத்து நுனியில் இப்படிப்பட்ட செல்கள் மரம் உள்ளவரை இருக்கின்றன. மனிதருக்கு அந்தக் காலம் சில நாட்கள்தான். வளர்ந்தவர் உடலில் எஞ்சியிருப்பவை தத்தம் திசுவுக்கு மட்டுமே உழைப்பவை: எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும், நரம்பை உண்டாக்காது. முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்ப 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் குழுவுக்கு நான்கு மரபணுக்கள் தேவைப்பட்டன.

ஆகவே கொழுப்பிலிருந்து பிரித்த செல்லை ஊசியில் ஏற்றி மூட்டுவலி, ஆட்டிசம், சர்க்கரை எல்லாம் தீரும் என்று விற்பதை நம்பாதீர்கள். இடமும் அண்டைச் செல்களும் சொல்வதைக் கேட்டு உருவாகிற செல், கண்ட இடத்தில் விட்டால் விரும்பிய வேலையைச் செய்யாது. கரு ஸ்டெம் செல்லை அப்படியே உடலில் விட்டால் டெரட்டோமா என்ற கட்டியாகும். இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளுக்கு வெளியே ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே அனுமதிக்கின்றன. மக்கள் இந்த ஊசிகளில் இழக்கும் பணத்தைப் பார்க்கும்போது, நம் பல்கலைக்கழகங்களின் கருவியல் துறைகளுக்குப் பொதுப்பணம் தாராளமாக வரவேண்டும் என்றே சொல்வேன்.

கருவை வைத்த பிறகு அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டாம். ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை. பெண் மாடிப்படி ஏறியதால் கரு ‘நழுவியது’ என்று பழிசொல்வது அநியாயம். கருவுற்ற ஆறேழாம் நாளில் கரு தன்னைச் சுற்றியுள்ள உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து கருப்பைச் சுவரைப் பற்றும். அப்போது, கர்ப்பப் பரிசோதனையில் தேடப்படும் ஹெச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பவை அந்த வெளிச்செல்களே. முட்டை முதிர அதே ஹார்மோனை ஊசியாகப் போட்டிருந்தால், அவசரப்பட்டுப் பார்க்கும் பரிசோதனை கர்ப்பம் என்று பொய்யாகக் காட்டலாம். மருத்துவர் சொன்ன நாள்வரை பொறுங்கள். கிட்டில் இரண்டாம் கோடு விழுகிற அதே சமயத்தில், அதாவது கருவுற்ற பதினைந்தாம் நாள் வாக்கில், உட்செல்கள் விரித்த ஈரடுக்குத் தட்டிலும் ஒரு கோடு விழுகிறது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பது அந்தக் கோட்டில் தெரியத் தொடங்கும்.