குதிரைத்திறன் இருக்கட்டும், டயருக்கு என்ன வயது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி எங்கள் பணிமனைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் குதிரைத்திறனைச் சொல்வார்கள். அடுத்து, "ஷெட்டிலேயே நின்ற வண்டி சார், டயரில் பட்டன்கூடத் தேயவில்லை" என்பார்கள். பட்டன் என்பது டயரின் பள்ளங்களுக்கு இடையே எழும்பி நிற்கும் ரப்பர். வீல் அலைன்மென்ட்டும் பிரேக்கும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்தப் பெருமையைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சோழவரம் ஓடுபாதையில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை வரை கார்ப் பந்தயம் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். ஒருநாள் அவர் வந்திருந்தபோது மஞ்சள் நிறத்தில் இரண்டு இருக்கைக் கார் ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரரான இளைஞர் இன்ஜினைக் காட்ட ஆசையோடு அழைத்தார். பெரியவரோ முன்சக்கரத்தருகே குந்தி, டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டி, சிறிய நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களில் நிறுத்தினார்: 1415.

"2015ஆம் வருடத்தின் 14ஆவது வாரம். தம்பி, இதை எப்போது மாற்றப் போகிறீர்கள்?"

பட்டன் புதிதுபோலத்தான் இருந்தது. பள்ளங்களை நகத்தால் விரித்துக் காட்டினார்; அடியில் மயிரிழை வெடிப்புகள்.

ஓடினால் தேய்கிற ரப்பர், நின்றால் காய்கிறது. ஆக்சிஜனும் வெயிலும் அதை இறுக்கிவிடும். இறுகிய டயருக்குச் சாலையில் பிடிமானம் குறையும். 2013இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் சிக்கியது போர்ஷே கரேரா ஜிடி: 600க்கு மேல் குதிரைத்திறன், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. அதிவேகமே காரணம் என்றது விசாரணை. டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும் குறிப்பிட்டது.

டயர் நிறுவனங்கள் பல, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து ஆண்டுகளுக்குமேல் ஓட்டவே வேண்டாம் என்றும் சொல்கின்றன. நம் வெயிலில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆறு ஆண்டே போதும் என்பது என் கட்சி. வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைப்பவர்கள் வேறு கடையிலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

பந்தயம் தொடங்குமுன் ஒரு சுற்று, வண்டியை இடமும் வலமுமாக வளைத்து ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கைக்கு அல்ல, பிடிமானத்துக்காக டயரைச் சூடாக்க. "நீங்கள் வீட்டுவாசலைத் தாண்டியதுமே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள்" என்றார் பெரியவர். இளைஞர் சிரித்தார், மறுக்கவில்லை.

பிரேக் ஆயிலும் இதே கதைதான். நின்ற வண்டியிலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

இளைஞர் நான்கு டயரையும் மாற்றச் சம்மதித்தார். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு எண்களைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள். கடையில் தேங்கிய சரக்குதான் பல நேரம் தள்ளுபடிக்கு வருகிறது. வெளிப்பக்கத்தில் எண் இல்லையென்றால் உட்பக்கத்தில் இருக்கும். பொருத்துமுன் பார்த்துவிடுங்கள், பிறகு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் தேட வேண்டும்.