வளரறி மதிப்பீடு: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களின் பேச்சில் அடிக்கடி வரும் சொல் ‘எஃப்.ஏ.’. ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட் என்பதன் சுருக்கம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பார்த்து, கற்பிப்பதை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதற்கான மதிப்பீடு இது. தமிழில் வளரறி மதிப்பீடு. பருவம் முடிந்த பிறகு படித்ததை மொத்தமாக அளக்கும் ‘எஸ்.ஏ.’, அதாவது சம்மேட்டிவ் அசெஸ்மென்ட், தொகுத்தறி மதிப்பீடு.

இந்த இரட்டைச் சொற்களை 1967இல் வழங்கியவர் தத்துவ அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன். அவர் பேசியது மாணவர்களைப் பற்றி அல்ல, பாடத்திட்டங்களை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றி. வகுப்பறைக்குள் அவற்றைக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். ஃபார்மேட்டிவ் என்பதன் வேர் ‘வடிவம்’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல். சம்மேட்டிவ் என்பதன் வேர் ‘கூட்டுத்தொகை’. அசெஸ் என்பதற்கு லத்தீனில் ‘அருகில் உட்கார்தல்’ என்று பொருள். வரி விதிக்கும் வேலை வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உருவாக்க மதிப்பீடு’ என்று வந்திருக்கும். அப்படிச் செய்யாமல் வளர், அறி என்ற இரண்டு வினையடிகளைச் சேர்த்தது அருமையான வேலை. உருவாக்கம் என்றால் ஆசிரியர்தான் செய்கிறவர், வளர்வதோ பிள்ளை. தொகுத்தறி என்பதும் கேட்டவுடன் விளங்குகிறது. மதிப்பிடு என்பதில் உள்ள ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆனதால் மதிப்பீடு. கெடு கேடு ஆவது போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு அது வந்தது. நூற்றுக்கு 60 தொகுத்தறிக்கு, 40 வளரறிக்கு. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20.

சிக்கல் இங்கேதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். சிவப்பு மையில் சுழித்துச் சுழியம் போட்டால், பெயர் வளரறி என்றாலும் அது இன்னொரு சிறிய பரீட்சைதான். ‘ஐந்தில் இரண்டு பாதியைவிடப் பெரிசா, சின்னதாம்மா?’ என்று கேட்டு, ஒரு தாளை மடித்துக் காட்டச் சொன்னால், பாதியோடு இன்னொரு பங்கைச் சேர்த்தபின் பாதியைவிடக் குறைந்த விடை எப்படி வரும் என்று அவளே யோசிப்பாள். மறுநாள் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். இதுதான் வளரறி. இந்த வேலை நடக்காமல், பருவக் கடைசியில் பதிவேட்டில் மட்டும் 40 மதிப்பெண் நிரம்புவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

வயது கூடக்கூட அளவுகோலும் மாறுகிறது. எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்யத் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள். வயதால் ஒரே வகுப்பில் இருந்தாலும் ஒரு பிள்ளை அரும்பிலும் இன்னொன்று மலரிலும் இருக்கலாம். அவரவர் நிலையிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறமும் சில வகுப்புகள் வரை வளரறியும் தொகுத்தறியும் சேர்ந்தே போகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் தராசு முழுக்கத் தொகுத்தறிப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அகமதிப்பீடு என்பதையும் வளரறியையும் ஒன்றாக எழுதுகிறார்கள், அது சரியில்லை. அகமதிப்பீடு என்றால் பள்ளிக்குள்ளேயே மதிப்பெண் வழங்கப்படுகிறது என்று மட்டுமே பொருள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு 10 அகமதிப்பீட்டு மதிப்பெண். அதில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கு ஒழுங்காக வந்ததற்குத் தரும் மதிப்பெண்ணை வளரறி என்று எழுத முடியாது.