‘வாருங்கள், போ!’: ஸ்பானியர் பொறுமை இழக்கும்போது

ஸ்பானிய மொழி கற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “‘வெங்கா’ என்றால் ‘வாருங்கள்’ என்ற மரியாதை ஏவல் என்று படித்தேன். ஆனால் மாட்ரிட் நகரில் நடக்கும் ஒரு தொடரில், பள்ளிக்குக் கிளம்பாமல் நிற்கும் மகனைப் பார்த்துத் தாய் ‘வெங்கா, தாதே பிரிசா!’ என்று கத்துகிறாள். எரிச்சலில் இருப்பவளுக்கு மரியாதை எதற்கு?”

இலக்கணப்படி அவர் படித்தது சரியே. நெருங்கியவரை ‘தூ’ என்றும் மதிப்புக்குரியவரை ‘உஸ்தெத்’ என்றும் விளிக்கும் அம்மொழியில், முன்னவருக்கு ‘வென்’ (வா), பின்னவருக்கு ‘வெங்கா’ (வாருங்கள், ஒலிப்பில் ஏறத்தாழ ‘பெங்கா’). ஆனால் அந்தத் தாயின் வாயில் வந்தது வினைச்சொல்லே அன்று. அவசரப்படுத்தும்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, ‘வருதல்’ என்ற பொருள் வெளிறிப்போய், ‘உம், ஆகட்டும்!’ என்னும் உந்துதல் மட்டும் எஞ்சிய இடைச்சொல் அது. பொருள் வெளிறியதோடு, எதிரில் நிற்பவர் யார் என்று பார்த்து வடிவம் மாறும் பழக்கத்தையும் அது இழந்துவிட்டது. அதனால்தான் அடுத்து வரும் ‘தாதே பிரிசா’ (சீக்கிரம் செய்) ‘தூ’ வடிவில் இருக்க, ‘வெங்கா’ மட்டும் ‘உஸ்தெத்’ வடிவிலேயே உறைந்து நிற்கிறது.

இந்த உறைவைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. எரிச்சலடைந்த ஸ்பானியர் ‘வெங்கா, வேதே யா!’ என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வாருங்கள், இப்போதே போய்விடு!’ என்றாகும், வரச் சொல்வதும் போகச் சொல்வதும், மரியாதையும் நெருக்கமும் ஒரே மூச்சில் மோதுகின்றன. கேட்பவருக்கோ எந்த முரணும் தோன்றுவதில்லை. நம் ‘அட, போடா’, ‘அட, போங்க’ ஆகியவற்றிலும் போதல் என்ற பொருள் தேய்ந்துவிட்டதுதான். ஆனால் மரியாதை விகுதி இன்னும் ஆளுக்கேற்ப மாறுகிறது.

‘நட’ என்ற பொருளுடைய ‘ஆந்தா’ பாதிதான் உறைந்திருக்கிறது. வியப்பைக் காட்டும்போது யார் முன்னாலும் ‘ஆந்தா!’ என்பார்கள், தூண்டும்போதோ, மதிப்புக்குரியவரிடம் அது ‘ஆந்தே’ என்று இன்றும் மாறக்கூடும். ஒரே சொல்லில் ஒரு பயன்பாடு உறைந்துவிட, மற்றொன்று இன்னும் இளகி இருப்பதை இங்கே நேரிலேயே காணலாம்.

இத்தகைய நுட்பங்கள் செம்மையான உரைநடையில் அதிகம் சிக்குவதில்லை. வலென்சியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வல்.எஸ்.கோ. ஆய்வுக்குழு அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து எழுத்தில் பெயர்த்திருப்பது அந்தக் காரணத்தாலேயே மதிப்புமிக்கது. வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய நிதி கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மெக்சிகோவில் கதை வேறு திசையில் போகிறது. அங்கே ‘ஆந்தா’வோடு ‘லே’ ஒட்டி ‘ஆந்தலே!’ ஆகிறது. ‘லே’ என்பது ‘அவருக்கு’ என்ற நான்காம் வேற்றுமைப் பொருள் தரும் பிரதிப்பெயர். ‘அவருக்குக் கொடு’ எனலாம். ‘அவருக்கு நட’ என்றால் யாருக்கு? யாருக்கும் இல்லை. பெறுபவரை இழந்த அந்த ‘லே’ இப்போது வெறும் அழுத்தம்தான். வினைச்சொல்லே இல்லாத இடத்திலும் அது போய் ஒட்டிக்கொள்கிறது: ‘இப்போது’ என்ற பொருளுடைய ‘ஆவோரா’, பேச்சில் ‘ஓரா’ எனத் தேய்ந்து, ‘லே’ சேர்ந்து ‘ஓரலே!’ ஆயிற்று.