வீட்டு மீடியா சர்வரில் படம் திக்கினால் முதலில் பார்க்க வேண்டியது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்து வீடுகளில் கணினியும் நெட்வொர்க்கும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று குடும்பத்தில் எடுத்த பழைய வீடியோக்களை ஒரே கணினியில் சேர்த்து, அதை மீடியா சர்வராக்கும் ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் மென்பொருளை நிறுவி, வீட்டுத் தொலைக்காட்சியிலும் சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளின் போனிலும் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்துகொள்ளும் குடும்பங்கள் இங்கே பெருகி வருகின்றன. கொஞ்ச நாள் நன்றாக ஓடிய பிறகு படம் திக்கத் தொடங்குகிறது. பிராசசர் நூறு விழுக்காட்டைத் தொடுகிறது. "பெரிய மெஷினாக வாங்குங்கள்" என்பதே அப்போது பலரும் சொல்லும் ஆலோசனை. விற்பவருக்கு வசதியான அந்த ஆலோசனை வாங்குபவருக்குப் பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது. ஏனென்றால் பிராசசர் திணறுவது ஒரு விளைவுதான். அதன் காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

பார்க்கும் கருவிக்குப் புரியும் வடிவில் கோப்பு இருந்தால் சர்வர் அதை அப்படியே அனுப்பிவிடும். அதில் சுமை ஏதும் இல்லை. படமும் ஒலியும் புரிந்து, அவற்றை அடக்கிய உறைக் கோப்பு (எம்பி4 போன்றது) மட்டும் பொருந்தாவிட்டால் உறையை மாற்றி அனுப்பும். அதுவும் இலகுவான வேலைதான். படத்தையே பிரித்து, வேறு கோடெக்கிலோ (படத்தைச் சுருக்கும் முறை) குறைந்த பிட்ரேட்டிலோ (விநாடிக்குப் போகும் தரவின் அளவு) மறுபடி கட்ட வேண்டி வரும்போதுதான் டிரான்ஸ்கோடிங் என்ற கனமான வேலை தொடங்குகிறது. ஆகவே டிரான்ஸ்கோடிங்கை வேகப்படுத்துவது எப்படி என்று தேடுவதற்கு முன்னால், அது எதனால் நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைச் சர்வரே சொல்லிவிடும். ஜெல்லிஃபினில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிர்வாகி டேஷ்போர்டைத் திறந்து, அந்தப் படத்தின் பெட்டியில் உள்ள தகவல் குறியைத் தொட்டால், கோடெக் பொருந்தவில்லையா, சப்டைட்டில் பொருந்தவில்லையா, பிட்ரேட் வரம்பை மீறிவிட்டதா என்ற காரணம் தெரியும். அடுத்து, லாக் (பதிவேடு) பகுதியில், படத்தை மறுபடி கட்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் எழுதிவைத்த டிரான்ஸ்கோட் கோப்பைப் பார்க்க வேண்டும். அதில் வரிக்கு வரி வேகம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் 1க்குக் கீழே இருந்தால், ஒரு விநாடிப் படத்தைக் கட்ட ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது என்று பொருள். படம் நின்றே தீரும். எண் 3, 4 என்று இருந்தும் படம் நின்றால், சர்வரைக் குறை சொல்வதில் பயனில்லை. வழியில்தான் தடை இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் அந்தத் தடை பெரும்பாலும் சுவர்தான். முகப்பில் ரூட்டர் இருக்கும். வளவை (நடு முற்றத்தை)த் தாண்டி இரண்டாம் கட்டில் தொலைக்காட்சி இருக்கும். இடையில் கனமான செங்கல் சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் தேக்குக் கதவுகளும் இருக்கும். "முகப்புல நல்லா ஓடுது தம்பி, பின்கட்டுக்குப் போனாத்தான் நிக்குது" என்று ஒரு ஆச்சி சொன்னது, எந்த லாக் கோப்பையும் விடத் துல்லியமான தகவல். வைஃபை பலவீனமாகும்போது, தரத்தைத் தானாக நிர்ணயிக்கும்படி விடப்பட்ட ஆப் குறைந்த பிட்ரேட் கேட்கும். கேட்டதைக் கொடுப்பதற்காகச் சர்வர் படத்தை மறுபடி கட்டத் தொடங்கும். பார்ப்பவருக்குப் பிராசசர் போதவில்லை என்று தோன்றும். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 60 பிரேம் வீதம் எடுத்த வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி இடம் எடுக்கும். அதாவது விநாடிக்கு 50 மெகாபிட்டுக்கும் மேல் போக வேண்டும். இரண்டு கனமான சுவர் தாண்டிய வைஃபையால் பெரும்பாலும் அதைத் தாங்க இயலாது. பூச்சைத் துளைக்காமல் வளவின் தாழ்வாரத்து ஓரமாகவே ஒரு கேட்6 நெட்வொர்க் கம்பியைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் வைஃபை தரும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைத்துவிட்டால், பல வீடுகளில் சர்வர் செட்டிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

சப்டைட்டில் அடுத்த காரணம். யாரும் சந்தேகிக்காத காரணமும்கூட. எழுத்தாகவே இருக்கும் எஸ்ஆர்டி கோப்புகளால் தொல்லை இல்லை. புளூரேயிலும் டிவிடியிலும் வரும் சப்டைட்டில்கள் படங்களாகவே இருப்பவை. அவற்றைக் காட்டத் தெரியாத கருவிக்கு, சர்வர் ஒவ்வொரு பிரேமிலும் அந்த எழுத்தைப் பதித்து முழுப் படத்தையும் மறுபடி கட்டி அனுப்புகிறது. பயனர் கணக்கில் சப்டைட்டில் தானாக வரும்படி இருந்தால், யாரும் கேட்காமலே இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். அதை அணைத்துப் பாருங்கள். டிடிஎஸ் ஒலி சில தொலைக்காட்சிகளுக்குப் புரியாது என்பது உண்மைதான் என்றாலும், ஒலியை மட்டும் மாற்றுவது சிறிய வேலை. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பழைய கேசட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்யாணங்கள் பதிவான விஎச்எஸ், மினி டி.வி. (MiniDV) கேசட்டுகள் பால் (PAL) என்ற வீடியோ முறையில், ஒரு பிரேமை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதியாகப் பிரித்து, விநாடிக்கு 50 பாதிகளாக எடுக்கப்பட்டவை. இப்படி வரி பின்னிய படத்தைப் பிரவுசர் நேராகக் காட்டினால், ஆள் நகரும் இடமெல்லாம் சீப்புப் பல் போல் கோடுகள் தெரியும். ஆகையால் சர்வர் ஒவ்வொரு முறையும் அவற்றை நீக்கிக் கட்டித் தருகிறது. மினி டி.வி. கேசட்டை உள்ளபடியே கணினிக்கு எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். அந்த மூலக் கோப்பைத் தனி டிஸ்கில் பத்திரமாக வைத்துவிட்டு, பார்ப்பதற்கென்று ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ஒரு நகல் எடுப்பதே என் பரிந்துரை. வரிப் பின்னலை நீக்கும் பிவ்டிஃப் (Bwdif) வடிகட்டியில் பாப் (Bob) முறையைத் தேர்ந்தெடுத்தால் 50 பாதிகளும் 50 முழு பிரேம்களாகி, அசைவு வழுவழுப்பாக இருக்கும். எச்.264 கோடெக், தர எண் 18 முதல் 20 வரை, ஏஏசி ஒலி, எம்பி4 உறை என்று ஒரு முறை செய்துவிட்டால், அந்தக் கல்யாணத்துக்காகச் சர்வர் இனி உழைக்க வேண்டியதே இல்லை. 2003இல் வந்த எச்.264 ஏன், 2013இல் வந்த எச்இவிசி சிறிதாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாத் தலைமுறைக் கருவிகளிலும் நேராக ஓடுவது எச்.264தான், டிஸ்க் விலையைப் பார்த்தால் அந்த மிச்சத்துக்குப் பொருளில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டிரான்ஸ்கோடிங் தேவைப்படுமானால், பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதியிடம் வேலையை ஒப்படைக்கலாம். இன்டெல் சிப்புகளில் உள்ள குவிக் சிங்க் வசதி இதற்குப் போதும். ஏழாம் தலைமுறை முதல் 10 பிட் எச்இவிசியையும் அது கையாளும், என்100 சிப் உள்ள சிறிய கணினியே பெரும்பாலான வீடுகளுக்கு நிறைவானது. ஜெல்லிஃபினில் இந்த வசதி இலவசம். பிளெக்ஸில் அதற்கு பிளெக்ஸ் பாஸ் வேண்டும். சர்வர் செட்டிங்கில் உங்கள் சிப்புக்குத் தெரியாத கோடெக்கையும் சேர்த்து டிக் செய்துவிட்டால், அந்த வகைப் படம் தொடங்கியதும் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸில் ஜெல்லிஃபின் பயனரை, கிராஃபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் ரெண்டர் (render) குழுவில் சேர்க்க வேண்டும். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் கிராஃபிக்ஸ் சாதனத்தைக் கன்டெய்னருக்குள் கொடுக்கவும் வேண்டும். புதிய போன்களின் எச்டிஆர் (கூடுதல் ஒளி வீச்சு) வீடியோ வெளிறித் தெரிந்தால், அதைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப மாற்றும் டோன் மேப்பிங் இயங்கவில்லை என்று கொள்க; அதைக் கிராஃபிக்ஸ் இல்லாமல் பிராசசரிடம் மட்டும் விட்டால் திணறும்.

தொடக்கத்தில் 2 என்று காட்டிய வேகம் அரை மணி நேரம் கழித்து 1க்குக் கீழே இறங்கினால், சர்வர் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அழகு கெடக்கூடாதென்று கதவடைத்த தேக்கு அலமாரிக்குள் வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அதற்குள் எந்தச் சிப்பும் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டிரான்ஸ்கோடிங் பெரும்பாலும் தவிர்க்க முடியாதது; உங்கள் இணைப்பின் அப்லோடு வேகத்துக்குள் படம் அடங்க வேண்டும். அதற்காகத்தான் வெளிப் பயனர்களுக்கு பிட்ரேட் வரம்பு வைக்கிறோம். அந்த வரம்பு வீட்டுக்குள்ளும் பாய்ந்துவிடும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. சிங்கப்பூர்க்காரர்களுக்கென்று ஏற்படுத்திய டொமைன் முகவரியையே பட்டாலையில் (கூடத்தில்) உள்ள தொலைக்காட்சி ஆப்பிலும் போட்டுவிட்டால், சர்வர் அதை வெளியாளாகக் கருதிப் படத்தைச் சுருக்கி அனுப்பக்கூடும். வீட்டுக் கருவிகளில் சர்வரின் உள்ளூர் ஐபி முகவரியைப் போட்டு, ரூட்டரில் அந்த முகவரி மாறாதபடி சர்வருக்கு ஒதுக்கி வையுங்கள். பிறகு டேஷ்போர்டைத் திறந்து, அந்தத் தொலைக்காட்சிக்குக் கோப்பு மாற்றமில்லாமல் போகிறதா என்று பாருங்கள்.