மனநோயாளிக்குப் புற்றுநோய் வந்தால்: நோய் ஆதரவுச் சிகிச்சையைக் கேட்டு வாங்கும் வழி

"வாயில் எறும்பு ஊர்கிறது" என்று என் சித்தப்பா 4 மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். மனச்சிதைவு நோய்க்காக 28 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர். காதில் குரல் கேட்கிறது என்று சொன்னவர் இப்போது எறும்பு என்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தோம். மாத்திரையின் அளவைக் கூட்டிக் கேட்கத்தான் மருத்துவரிடம் போனோம். சோற்றை ஒரு பக்கமாகவே ஒதுக்கி மெல்கிறாரே என்று என் அம்மா ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம் ஓரம் தடித்த புண். புற்றுநோய்.

அதன் பிறகும் அலைச்சல் தீரவில்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் "மனநலப் பிரிவில் எழுதி வாங்கி வாருங்கள்" என்றார்கள். மனநலப் பிரிவில் "இது எங்கள் நோய் இல்லையே" என்றார்கள். இரண்டு நோட்டு, இரண்டு வரிசை, நடுவில் ஒரே மனிதர். அப்போது எங்களுக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நிலையில் இருக்கும் குடும்பம் தனித் திட்டம் எதையும் தேடி அலைய வேண்டாம். இருக்கிற ஒரு சட்டத்தையும் இருக்கிற ஒரு திட்டத்தையும் சேர்த்துப் பிடித்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். இதன் 21-வது பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வகை மருத்துவ சேவையிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது அது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, வார்டில் தங்கும் வசதி எல்லாமே அதே அளவில், அதே தரத்தில் கிடைக்க வேண்டும். 'மனநல நோயாளியை இந்த வார்டில் வைக்க முடியாது' என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பிரிவுக்கு எதிராகப் பேசுகிறார்.

18-வது பிரிவும் முக்கியம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதல் அதற்கு மேற்பட்ட அரசு மருத்துவமனைகள் வரை மனநோயாளிகளுக்கு எப்போதும் இலவசமாகத் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அரசு மனநல நிலையங்களில் சிகிச்சைக்குக் கட்டணமே இல்லை. வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது.

திட்டம் எங்கே இருக்கிறது

நோய் ஆதரவுச் சிகிச்சை என்றதும் 'கைவிட்ட கேஸ்' என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. வலி, மூச்சுத் திணறல், படுக்கைப்புண், தூக்கமின்மை, குடும்பத்தின் திகைப்பு ஆகியவற்றைத் தணிப்பதுதான் இதன் வேலை. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே இதுவும் நடக்கலாம். புற்றுநோய்க்கு மட்டும் என்றும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் தளர்ந்தவர், பக்கவாதம் வந்து படுத்தவர், மறதி நோய் முற்றியவர் என எல்லோருக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குள் இருக்கிறது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடக்கம். உங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ "நோய் ஆதரவு செவிலியர் வர வேண்டும்" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். 'முடியாமல் படுத்திருக்கிறார்' என்று மட்டும் சொன்னால் ஏற்பாடு தள்ளிப்போகலாம்.

சித்தப்பாவைப் பார்க்க வந்த செவிலியர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலி எத்தனை என்று பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்குச் சித்தப்பா வாயே திறக்கவில்லை. செவிலியர் சற்று யோசித்துவிட்டு, "ஐயா, இன்றைக்கு எத்தனை எறும்பு?" என்று கேட்டார். "புற்று முழுக்க" என்றார் சித்தப்பா. அன்று மாலையே மருத்துவரிடம் பேசி வலி மருந்தின் அளவு மாற்றப்பட்டது. அடுத்த வாரம் "நாலைந்து" என்றார். நீண்ட நாள் மனநோய் உள்ளவர்கள் வலியை நம் வார்த்தையில் சொல்லாமல் இருக்கலாம். சாப்பிட மறுப்பது, ஒரே பக்கம் படுப்பது, திடீரென்று கோபப்படுவது எல்லாம் வலியாக இருக்கலாம். எல்லாவற்றையும் மனநோயின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தால்தான் உடல்நோய் முற்றிய பிறகு தெரியவருகிறது.

மருந்துகள் மோதும் இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்களால் தடுக்கக்கூடிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மனநோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவருக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம். வாந்தி, பேதியால் உடல் வறண்டாலும் இதே ஆபத்து உண்டு. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது. புற்றுநோய் மருந்துகள் பலவும் அப்படித்தான். ஆகவே இரு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியே தீர வேண்டும். குளோசபின், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில், வலிக்குத் தரும் மார்பின் மூன்றுமே மலச்சிக்கலை உண்டாக்கும். மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் எழுதச் சொல்லுங்கள்.

மார்பின் என்றால் போதைப்பழக்கம் வந்துவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும்போது அது நல்ல மருந்து. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை எளிதாக இருப்பு வைத்துத் தருவதற்காகவே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது.

மனநல மாத்திரையை 'இனி எதற்கு' என்று நிறுத்திவிடாதீர்கள். பழைய நோய் திரும்பினால் கடைசி மாதங்கள் பயத்திலேயே கழியும். விழுங்க முடியாமல் போகும் நாள் வரும் முன்பே, திரவ மருந்தோ சில வாரங்கள் நீடிக்கும் ஊசியோ உண்டா என்று மனநல மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

யார் முடிவு செய்வது

மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார். நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே அப்படி. அவருடைய முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காகவும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு. ஆகவே நோயை அவரிடம் மறைக்காமல், அவருக்குப் புரியும் விதத்தில் சொல்லுங்கள்.

தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்; 14-வது பிரிவு. மனநோய்க்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 5-வது பிரிவு இடம் தருகிறது. இதையும், செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று எழுதும் உயிர் உயிலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உயிர் உயில் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, 2 சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்றானது. மனம் தெளிவாக இருக்கும் காலத்திலேயே இரண்டு தாள்களையும் எழுதிவிடுங்கள்.

உறவே இல்லாமல் காப்பகத்தில் முதுமை அடைந்தவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. அவர்களுக்காகப் பேச யாருமே இல்லை என்றால், சமூக நலத்துறை இயக்குநரே பிரதிநிதி என்று சட்டம் சொல்கிறது. காப்பக நிர்வாகிகள் இதை அறிந்து, தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்கும் நோய் ஆதரவு சேவை கேட்க வேண்டும்.

சிகிச்சை தர மறுத்தால் முதலில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் இதே சட்டத்தின்படி புகார்களை விசாரிக்கும் மனநலச் சீராய்வு மன்றம், அதன் பிறகு மாநில மனநல ஆணையம். மனு எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். இரவில் நோயாளியோ நீங்களோ தவித்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது மனநல நோட்டையும் புற்றுநோய் நோட்டையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருத்துவர் கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே நீட்டுங்கள்.