சியோலைட்டு: கொதிக்கும் கல்லா, சல்லடையா?

அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உருவான, உடலெங்கும் ஒரே அளவு நுண்துளைகள் கொண்ட படிகம் சியோலைட்டு. 'ஜியோலைட்' என்றும் எழுதுகிறார்கள்.

1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலர் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தை ஊதுகுழல் சுடரில் காட்டினார். கல் நுரைத்துப் பொங்கியது. கிரேக்கத்தில் 'சீயோ' என்றால் கொதித்தல், 'லித்தோஸ்' என்றால் கல். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்.

பொங்க வைத்தது துளைகளுக்குள் இருந்த நீர். சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நின்று ஒரு நான்முகி ஆகும். நான்முகிகள் முனையோடு முனை கோத்து, கூடுகளும் அவற்றின் வாசல்களுமாக நீள்கின்றன. நடுநடுவே சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் அமர்கிறது. அப்படி அமரும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டத்தான் சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் துளைக்குள் தங்குகின்றன. சியோலைட்டின் வேலைத்திறன் பெரும்பாலும் இந்த அயனிகளால் வருவது. இறுக்கமான பிணைப்பு இல்லாததால் இவற்றை மாற்றிவிடலாம். கடினநீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவது இப்படித்தான். சலவைத்தூளில் சேர்ப்பதும் அதற்காகவே.

ஆய்வகத்தில் செய்யும் 'ஏ' வகையைப் பாருங்கள். சோடியம் இருந்தால் வாசலின் அகலம் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர். பொட்டாசியம் பருத்த அயனி. அது வந்தால் 0.3 ஆகச் சுருங்கும். அப்போது நீர் நுழையும், எத்தனால் நுழையாது. எத்தனாலில் எஞ்சிய கடைசி ஈரத்தை நீக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அளவு பார்த்துப் பிரிக்கும் இத்தகைய பொருள்களுக்கு 1932-இல் வேதியியலர் மெக்பெய்ன் வைத்த பெயர், தமிழில் மூலக்கூற்றுச் சல்லடை.

தமிழில் எதைச் சொல்வது? வேரைப் பின்பற்றினால் 'கொதிகல்'. அழகான சொல்தான். ஆனால் கொதிகலன் ஏற்கெனவே இருக்கிறது, வாசிப்பவர் இடறுவார். மூலக்கூற்றுச் சல்லடை தெளிவானது, எனக்கும் பிடித்தது. ஆனாலும் அது ஒரு வேலையின் பெயர். கரியில் செய்த சல்லடைகளும் உண்டு. எனவே பொருளைக் குறிக்கச் சியோலைட்டு என்றே எழுதலாம். அளவு பார்த்துப் பிரிக்கும் இடத்தில் மட்டும் சல்லடை என்போம். 2021-இல் கொரோனா அலையின்போது வீடுதோறும் தேடிய ஆக்சிஜன் செறிவூட்டிக்குள் இருந்ததும் சியோலைட்டுதான். அங்கே அது சலிப்பதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டுமே துளைக்குள் நுழைகின்றன. அயனிகளின் மின்புலம் நைட்ரஜனைக் கூடுதலாக இழுத்து நிறுத்துவதால் ஆக்சிஜன் முந்திக்கொண்டு வெளியேறுகிறது.